மூன்று ஆண்டு கடந்துவிட்டதா? மனுவைக் கைவிட வேண்டாம்

கேள்வி: என் அக்கா தையல் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கி வந்தவர். 2022 ஜூலையில் ஒரு நாள் விடியற்காலை பால் வாங்கப் போனபோது, இருசக்கர வாகனத்தில் வந்த இருவர் அவருடைய தாலிச் சங்கிலியை இழுத்தார்கள். அவர் விடாமல் பிடித்துக்கொண்டதால் கத்தியால் வெட்டினார்கள்; வலது மணிக்கட்டில் தசைநார்கள் அறுந்துபோயின. இரண்டு அறுவைச் சிகிச்சை செய்தும் கை பழைய நிலைக்கு வரவில்லை. கத்தரிக்கோலின் வளையத்துக்குள் விரலை நுழைக்க முடிகிறது, ஆனால் துணியை வெட்டும் அளவுக்கு அழுத்த முடியவில்லை. எஃப்.ஐ.ஆர். போட்டார்கள், ஆட்கள் பிடிபடவில்லை. நிவாரணம் ஏதாவது கிடைக்குமா என்று நிலையத்தில் கேட்டபோது, "கேஸ் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். நாங்களும் காத்திருந்தோம். இப்போது மூன்று வருடம் நான்கு மாதம் ஆகிறது. அரசு இழப்பீடு என்று ஒன்று உண்டு என்பதே போன மாதம்தான் தெரிந்தது. சொன்னவரே, "மூன்று வருடத்துக்குள் போட்டிருக்க வேண்டும், இனிப் பயனில்லை" என்றும் சொல்லிவிட்டார். உண்மைதானா? ஆட்கள் பிடிபட்டால் கெடு மறுபடியும் தொடங்குமா? அவர்கள் மீது தனியாக நஷ்டஈட்டு வழக்குப் போட முடியுமா?
(பெயர், ஊர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட தமிழ்நாட்டு வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களிடம் சொல்லப்பட்டது பாதி உண்மை. மூன்று ஆண்டு என்ற கெடு இருக்கிறது. அது கடந்துவிட்டதும் உண்மை. ஆனால் "இனிப் பயனில்லை" என்பது உண்மையல்ல. உங்கள் அக்கா மனு செய்யலாம். அதோடு தாமதத்தை மன்னிக்கும்படி கேட்கும் மனு ஒன்றையும் சேர்த்துத் தர வேண்டும். அதை இந்த வாரமே செய்ய வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால், இதுவரை ஏற்பட்ட தாமதத்துக்கு உங்களிடம் நியாயமான காரணம் இருக்கிறது. திட்டத்தைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு ஏற்படும் தாமதத்துக்கு அப்படி ஒரு காரணத்தைச் சொல்வது கடினம்.

முதலில் அந்த மூன்று ஆண்டு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு அரசே இழப்பீடு தர வேண்டும் என்ற ஏற்பாடு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ என்ற பிரிவாகச் சேர்க்கப்பட்டு 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதில் இதே ஏற்பாடு 396-ஆம் பிரிவாக இருக்கிறது. குற்றம் நடந்தது பழைய சட்டக் காலத்தில், மனு செய்யப்போவது புதிய சட்டக் காலத்தில் என்பதால், மனுவின் தலைப்பில் இரண்டு பிரிவுகளையும் குறிப்பிட்டுவிடுங்கள். இந்தப் பிரிவின் கீழ் ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு திட்டத்தை வகுக்க வேண்டும். தமிழ்நாடு 2013-இல் வகுத்தது. பிறகு, பாதிக்கப்பட்ட பெண்களுக்கென்றே தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2018-இல் ஒரு தனித் திட்டத்தை உருவாக்கி, உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றது. பாலியல் குற்றங்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று பலரும், சில வழக்கறிஞர்களும்கூட, நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் பெயரிலேயே "பிற குற்றங்கள்" என்ற சொற்கள் இருக்கின்றன; அதன் அட்டவணையில் உயிரிழப்பு, உறுப்பு இழப்பு, நிரந்தர ஊனம், கொடுங்காயம் ஆகியவை தனித்தனி வரிகளாக இடம்பெற்றுள்ளன. உங்கள் அக்காவின் கை அந்த அட்டவணைக்குள் வருகிறது.

அந்தத் திட்டத்தில் கெடுவைப் பற்றிய பத்தியில் இரண்டு வாக்கியங்கள் உள்ளன. குற்றம் நடந்த நாளிலிருந்தோ வழக்கு விசாரணை முடிந்த நாளிலிருந்தோ மூன்று ஆண்டு கடந்த பிறகு, பாதிக்கப்பட்டவர் நேரடியாகத் தரும் மனுவை எந்தச் சூழ்நிலையிலும் ஏற்கக் கூடாது என்கிறது முதல் வாக்கியம். ஆயினும், தகுதியுள்ள நேர்வுகளில், அதற்கென ஒரு மனு செய்யப்பட்டால், காரணங்களைப் பதிவு செய்து அந்தத் தாமதத்தை மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவோ மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவோ மன்னிக்கலாம் என்கிறது இரண்டாவது வாக்கியம். உங்களுக்குச் சொன்னவர் முதல் வாக்கியத்தோடு நின்றுவிட்டார். "எந்தச் சூழ்நிலையிலும்" என்ற சொற்களைப் பார்த்தால் யாருக்கும் மனம் தளரத்தான் செய்யும். அடுத்த வரியைப் படிக்காமல் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கெடு, பாதிக்கப்பட்டவர் தாமாகவே ஆணைக்குழுவிடம் தரும் மனுவுக்கு மட்டுமே சொல்லப்பட்டது. சட்டத்தில் வேறு வழிகளும் இருக்கின்றன. வழக்கு நீதிமன்றத்தில் நடந்து முடியும்போது, குற்றவாளியிடமிருந்து வாங்கித்தரும் தொகை போதாது என்று நீதிபதி கருதினால், அரசுத் திட்டத்திலிருந்து இழப்பீடு தரும்படி அவரே பரிந்துரைக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை ஆகிவிட்டாலும், பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்றால் பரிந்துரைக்கலாம். நீதிமன்றம் பரிந்துரைத்து வரும் நேர்வுக்கு அந்த மூன்று ஆண்டுக் கெடு சொல்லப்படவில்லை. குற்றவாளி யாரென்றே தெரியாமல், வழக்கு விசாரணைக்கே வராத நிலையில்தான் நேரடி மனு என்ற வழி தேவைப்படுகிறது. உங்கள் அக்காவின் நிலை அதுதான். ஆகவே, ஆட்கள் பிடிபடவில்லை என்பது இழப்பீடு கேட்பதற்குத் தடையே இல்லை. ஆட்கள் பிடிபடாதவர்களுக்காகவே சட்டம் அந்த உட்பிரிவை எழுதி வைத்திருக்கிறது.

"கேஸ் முடியட்டும்" என்று உங்களிடம் சொன்னவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருப்பார் என்று நான் கருதவில்லை. பல ஆண்டுகளாக எல்லோரும் சொல்லிப் பழகிப்போன வார்த்தை அது. ஆனால் அது சட்டத்துக்கு நேர் எதிரானது. சுரேஷ் எதிர் ஹரியாணா மாநிலம் என்ற வழக்கில் 2014 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குற்றம் நடந்திருப்பதற்கான அடிப்படை ஆதாரம் இருந்து, பாதிக்கப்பட்டவருக்கு உடனடிப் பண உதவி தேவைப்பட்டால், வழக்கைக் கோப்பில் எடுக்கும் கட்டத்திலேயே இடைக்கால இழப்பீட்டைப் பற்றி நீதிமன்றம் யோசிக்க வேண்டும், இறுதித் தொகையைப் பின்னர் முடிவு செய்துகொள்ளலாம் என்று தெளிவாகச் சொன்னது. மருத்துவமனைச் செலவுக்குக் கடன் வாங்கும் நேரத்தில் வராத பணம், ஆறேழு ஆண்டு வாய்தாக்களுக்குப் பிறகு வந்து என்ன பயன்? அறுவைச் சிகிச்சை முடிந்த வாரத்திலேயே உங்கள் அக்கா இந்த மனுவைத் தந்திருக்கலாம். அப்போது யாரும் சொல்லவில்லை என்பது உங்கள் பிழை அல்ல. தாமத மன்னிப்பு மனுவில் முதலில் எழுத வேண்டியதே அதுதான்.

அந்த மனுவை எப்படி எழுதுவது என்று சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்றவற்றையெல்லாம் விட அதுதான் உங்கள் விஷயத்தில் முடிவைத் தீர்மானிக்கும். "எனக்குச் சட்டம் தெரியாது, ஆகவே தாமதத்தை மன்னிக்கவும்" என்ற ஒரே வரியில் மனு எழுதிக் கொண்டுவருகிறார்கள். சட்டம் தெரியாது என்பது தனியாக நின்றால் வலுவற்ற காரணம். காலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் என்ன நடந்தது என்று எழுதுங்கள். முதல் அறுவைச் சிகிச்சை எந்த நாளில், எத்தனை நாள் உள்நோயாளியாக இருந்தார்; இரண்டாவது அறுவைச் சிகிச்சை எப்போது; இயன்முறைச் சிகிச்சைக்கு எத்தனை மாதம் போய்வந்தார்; அந்தக் காலத்தில் வீட்டில் யார் சம்பாதித்தார்கள்; நிலையத்துக்கு எப்போதெல்லாம் போய் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள்; என்ன பதில் கிடைத்தது; திட்டத்தைப் பற்றி எந்த மாதம், யார் மூலம் தெரிந்துகொண்டீர்கள்; தெரிந்த எத்தனையாவது நாளில் இந்த மனுவைத் தருகிறீர்கள் என்று வரிசையாக வர வேண்டும். இவற்றைப் பிரமாணப் பத்திரமாக அக்கா கையெழுத்திட்டுத் தர வேண்டும். வலது கையால் கையெழுத்துப் போட முடியாமல் இடது கையாலோ கைரேகையாலோ போடுகிறார் என்றால், அதையும் பத்திரத்திலேயே குறிப்பிடுங்கள். பழைய ஆவணங்களில் உள்ள கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்ற கேள்வி பின்னால் எழாது.

தாமதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற விதியை வறட்டுத்தனமாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது, அறிவுக்குப் பொருந்த அதைப் பார்க்க வேண்டும் என்று 1987-இலேயே அனந்தநாக் நில ஆர்ஜித வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தாமதம் செய்வதால் மனுதாரருக்கு லாபம் எதுவும் இல்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்டதே. உங்கள் அக்காவின் விஷயத்தில் இது எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள்: காத்திருந்ததால் அவர் இழந்ததைத் தவிர வேறொன்றும் பெறவில்லை.

ஆதாரம் எங்கே கிடைக்கும் என்று மலைக்க வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயார், வெட்டுப்பட்ட தன் மகளுக்காக என்னிடம் வந்தபோது, ஒரு மஞ்சள் பையைக் கவிழ்த்து மேசையில் கொட்டினார். அரசு மருத்துவமனையின் புறநோயாளிச் சீட்டுகள், மாத்திரைச் சீட்டுகள், ஓரம் கிழிந்த எக்ஸ்ரே உறை, நடுவில் நாலாக மடித்த பேருந்துச் சீட்டுகள் என்று எல்லாம் கலந்து கிடந்தன. "இதெல்லாம் குப்பைதானுங்களே?" என்று கேட்டார். அந்தச் சீட்டுகளின் மூலையில் அடித்திருந்த தேதி முத்திரைகளை மட்டும் வரிசைப்படுத்தினோம். ஏறத்தாழ இரண்டு ஆண்டுக் காலத்துக்கு மாதம் தவறாமல் சிகிச்சைக்குப் போயிருந்தது தெரிந்தது. தாமதத்துக்கு அதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்த வழக்கறிஞராலும் எழுதியிருக்க முடியாது. அந்த மனு ஏற்கப்பட்டது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பை இருக்கும், எதையும் எறிந்துவிடாதீர்கள்.

மனுவோடு சேர்க்க வேண்டிய காகிதங்களில் முதன்மையானது எஃப்.ஐ.ஆர். நகல். அதைக் கையில் எடுத்ததும் எந்தப் பிரிவில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வழிப்பறிக்கான இந்தியத் தண்டனைச் சட்டம் 392-ஆம் பிரிவை மட்டும் போட்டுவிட்டு, காயம் விளைவித்து வழிப்பறி செய்ததற்கான 394-ஐயோ, கொடுங்காயம் விளைவித்ததற்கான 397-ஐயோ சேர்க்காமல் விட்டிருக்கலாம். சம்பவம் நடந்த காலையில் காயத்தின் ஆழம் யாருக்கும் தெரிந்திருக்காது. பின்னர் மருத்துவ அறிக்கை வந்ததும் பிரிவை மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பினார்களா என்று கேட்டு, இல்லையென்றால் எழுத்து மூலம் கோருங்கள். அடுத்து, முதலில் சேர்த்த மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலும், "கொடுங்காயம்" என்று மருத்துவர் குறிப்பிட்ட காயச் சான்றிதழும் தேவை. காயச் சான்றிதழ் பெரும்பாலும் விசாரணை அதிகாரியின் கோப்பில் இருக்கும். உங்களிடம் இல்லாவிட்டால் அதற்காக மனுவைத் தள்ளிப்போட வேண்டாம். கிடைத்ததை வைத்து மனுவைத் தந்துவிட்டு, மற்றவற்றை வரவழைக்கும்படி ஆணைக்குழுவையே கேட்டுக்கொள்ளலாம். விசாரித்து முடிவெடுப்பது அதன் கடமை.

ஊனச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. வாங்கவில்லை என்றால் அதற்கு உடனே விண்ணப்பியுங்கள், ஏனென்றால் தொகை பெரும்பாலும் அந்தச் சதவீதத்தைப் பொறுத்தது. 2018 திட்டத்தின் அட்டவணைப்படி நிரந்தர ஊனம் 20 சதவீதத்துக்குக் குறைவு என்றால் 1 லட்சம் முதல் 2 லட்சம் ரூபாய், 20-க்கு மேல் 40-க்குள் என்றால் 1 லட்சம் முதல் 3 லட்சம், 40 முதல் 80-க்குள் என்றால் 2 லட்சம் முதல் 4 லட்சம் என்று வரம்புகள் உள்ளன. ஊனம் என்று சான்று கிடைக்காவிட்டாலும், மறுவாழ்வு தேவைப்படும் கொடுங்காயத்துக்கு 1 லட்சம் முதல் 2 லட்சம் வரை உண்டு. வரம்புக்குள் எந்தத் தொகை என்பதை முடிவு செய்யும்போது காயத்தின் கடுமை, சிகிச்சைச் செலவு, வேலை இழப்பு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். தையற்காரருக்கு வலது கை என்பது என்ன என்று அந்த அட்டவணை அறியாது. மனு அதைச் சொல்ல வேண்டும். எனக்கு எழுதிய கடிதத்தில் கத்தரிக்கோலைப் பற்றி எழுதினீர்களே, அதை அப்படியே மனுவிலும் எழுதுங்கள். தையல் இயந்திரம் வாங்கிய ரசீதோ, வாடிக்கையாளர்களின் அளவு எழுதிய நோட்டோ இருந்தால் நகல் எடுத்து இணையுங்கள்.

முழுத் தொகையும் உடனே கைக்கு வராது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. இந்தத் திட்டத்தின்படி பொதுவாக 75 சதவீதத்தை வங்கியில் குறைந்தது மூன்று ஆண்டுக்கு நிரந்தர வைப்பாகப் போட்டு, 25 சதவீதத்தைச் செலவுக்கு எடுக்க அனுமதிப்பார்கள். சிகிச்சைக்கோ பிள்ளைகளின் படிப்புக்கோ கூடுதலாகத் தேவைப்பட்டால், காரணம் காட்டி முன்கூட்டியே எடுக்க ஆணைக்குழுவிடம் கேட்கலாம். இதைத் தெரியாமல், தொகை வரும் என்று நம்பி வட்டிக்குக் கடன் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படிச் செய்துவிடக் கூடாது.

கெடு உங்களுக்கு மட்டும் விதிக்கப்பட்டதல்ல. மனு வந்த பிறகு இரண்டு மாதத்துக்குள் விசாரணையை முடித்து இழப்பீட்டை முடிவு செய்ய வேண்டும் என்று சட்டப்பிரிவே ஆணைக்குழுவுக்குக் கெடு வைத்திருக்கிறது. நடைமுறையில் அது நீளக்கூடும். இரண்டு மாதம் முடிந்ததும், மனு எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டுக் கடிதம் தாருங்கள். உத்தரவு வந்து, தொகை மிகக் குறைவு என்றோ தாமதத்தை மன்னிக்க மறுத்தது சரியல்ல என்றோ தோன்றினால், உத்தரவு நகல் கைக்குக் கிடைத்த 30 நாளுக்குள் மாநில ஆணைக்குழுவிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். நகலை வாங்கும்போது அன்றைய தேதியை அதன் ஓரத்திலேயே எழுதி வையுங்கள். மூன்று ஆண்டு என்பது நீண்டதாகத் தெரிந்ததால் கை நழுவிப்போனது. 30 நாள் என்பது வங்கிக்கும் மருத்துவமனைக்கும் அலைவதிலேயே கரைந்துவிடும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஆட்கள் பிடிபட்டால் என்ன ஆகும்? இதில் ஆறுதலான செய்தி உண்டு. மூன்று ஆண்டு வரை தண்டனை உள்ள சிறிய குற்றங்களுக்குத்தான் வழக்கைக் கோப்பில் எடுப்பதற்குச் சட்டம் காலவரம்பு வைத்திருக்கிறது. காயம் விளைவித்து வழிப்பறி செய்வது ஆயுள் தண்டனை வரை விதிக்கக்கூடிய குற்றம். அதற்குக் காலவரம்பே கிடையாது. பத்து ஆண்டு கழித்து வேறொரு வழக்கில் பிடிபட்டவர் இதை ஒப்புக்கொண்டு, சங்கிலியும் மீட்கப்பட்டால், அன்றைக்கும் இந்த வழக்கு உயிர்பெறும். அப்போது வழக்கு நடந்து முடிகிற நாளிலிருந்து கணக்கிட்டு மூன்று ஆண்டு என்று கேட்கவும் இடம் உண்டு. அதைவிட எளிது, விசாரணை நடக்கும் நீதிமன்றத்திடமே பரிந்துரை கேட்பது. குற்றவாளியே பணம் தர வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரமும் அந்த நீதிமன்றத்துக்குப் புதிய நடைமுறைச் சட்டத்தின் 395-ஆம் பிரிவின்படி இருக்கிறது. ஒவ்வொரு குற்றவியல் வழக்கிலும் இழப்பீட்டைப் பற்றி நீதிமன்றம் மனம் செலுத்தியே ஆக வேண்டும் என்று அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் என்றோ பிடிபடக்கூடும் என்பதற்காக இன்றைய மனுவை நிறுத்தி வைக்காதீர்கள். மறுபடியும் அதே காத்திருப்பில் விழுந்துவிடுவீர்கள்.

இதோடு சேர்த்து, வழக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். கண்டுபிடிக்க இயலவில்லை என்று போலீசார் வழக்கை முடித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பியிருந்தால், புகார் கொடுத்தவருக்கு அறிவிப்புத் தந்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று பகவந்த் சிங் வழக்கில் 1985-லேயே தீர்ப்பாகியிருக்கிறது. நம் ஊர் நிலையங்களில் இதை ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்பார்கள். அந்த நோட்டீஸ் வந்திருந்தால் அதுவே குற்றவாளி கண்டுபிடிக்கப்படவில்லை என்பதற்கு நல்ல ஆதாரம். வரவில்லை என்றால், "ஆட்கள் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை" என்று நிலைய ஆய்வாளர் தரும் ஒரு வரிக் கடிதம் போதும்.

மூன்றாவது கேள்விக்கு உங்களுக்குப் பிடித்தமான பதிலைத் தர இயலவில்லை. வெட்டியவர் மீது உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவதற்கான காலம், 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின்படி, பொதுவாக மூன்று ஆண்டு. மேல்முறையீடுகளிலும் மனுக்களிலும் தாமதத்தை மன்னிக்க இடம் தரும் 5-ஆம் பிரிவு, வழக்குகளுக்குப் பொருந்தாது. ஒரு நாள் தாமதமானாலும் அவ்வளவுதான். பாதிக்கப்பட்டவர் 18 வயது நிரம்பாதவராகவோ, மனநிலை பாதிக்கப்பட்டவராகவோ இருந்தால் அந்த நிலை நீங்கிய பிறகே காலம் ஓடத் தொடங்கும். உங்கள் அக்காவுக்கு அது பொருந்தாது. யாரென்றே தெரியாதவர் மீது வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, அதை நிறைவேற்றுவது நடைமுறையில் கடினம் என்பதால், இந்த வழி மூடியதில் நீங்கள் பெரிதாக எதையும் இழக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சில வார்த்தைகள், ஏனென்றால் "மூன்று ஆண்டு" என்பதைப் பொது விதியாக எடுத்துக்கொண்டு ஏமாறக் கூடாது. ஆண்களுக்கும் பொருந்தும் மாநிலப் பொதுத் திட்டங்களில் கெடு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். தங்கள் மாநிலத் திட்டத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். சாலை விபத்து இழப்பீட்டுக்கு, 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் கெடு வந்திருக்கிறது. அதை எதிர்த்து வழக்குகள் நடந்தாலும், ஆறு மாதம் என்றே எண்ணிச் செயல்படுவதுதான் பாதுகாப்பு. அமில வீச்சில் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் கிடைத்த 15 நாளுக்குள் 1 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று லட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசுக்கே கெடு விதித்திருக்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில், எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு தரலாம்; உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் அரசு கொடுக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் ஆட்சியர் மூலம் தரும் உடனடி நிவாரணத்துக்கு ஏழு நாள்தான் கெடு. பழைய சம்பவங்கள் என்றால், கொரோனாவை முன்னிட்டு 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் காலவரம்புக் கணக்கிலிருந்து கழித்துவிடும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருப்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அக்காவுக்கு நேர்ந்தது அதற்குப் பிறகு என்பதால் அந்தச் சலுகை அவருக்குக் கிடைக்காது; 2019-இலோ 2020-இலோ பாதிக்கப்பட்டவருக்கு அது பெரிய உதவி.

இப்போது செய்ய வேண்டியது. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும். செயலாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அவர் ஒரு நீதிபதி. பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வழக்கறிஞர் பெற உங்கள் அக்காவுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. பிரமாணப் பத்திரத்தையும் தாமத மன்னிப்பு மனுவையும் தயாரிக்க வழக்கறிஞர் ஒருவரை நியமிக்கும்படி அங்கேயே கேட்கலாம். போக முடியாத நிலை என்றால் 15100 என்ற எண்ணில் பேசுங்கள். "வாங்கித் தருகிறேன், இத்தனை சதவீதம் கொடுங்கள்" என்று நீதிமன்ற வாசலில் யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். இந்த மனுவுக்கு யாருக்கும் பங்கு தர வேண்டியதில்லை.

மனுவை இரண்டு படிகளாக எடுத்துச் செல்லுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் போட்டு வாங்காமல் அந்த மேசையை விட்டு நகராதீர்கள். "மூன்று வருடம் ஆகிவிட்டது, வாங்க முடியாது" என்று அங்கே யாராவது சொன்னால் வாதாட வேண்டாம்; தாமதத்தை மன்னிப்பதா இல்லையா என்பதைக் காரணத்தோடு எழுத்தில் உத்தரவிட வேண்டியது ஆணைக்குழு என்பதை மட்டும் பணிவாகச் சொல்லிவிட்டு, அன்று மாலையே அந்த மனுவை ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில் செயலாளர் பெயருக்கு அனுப்பிவிடுங்கள். ஒப்புகைச் சீட்டை அந்த மருத்துவச் சீட்டுகள் இருக்கும் பையிலேயே போட்டு வையுங்கள். உத்தரவு எதுவாக இருந்தாலும், நகல் வந்தவுடன் எனக்கு எழுதுங்கள். மேல்முறையீட்டுக்கான 30 நாளில் ஒரு நாளும் வீணாகாமல் பார்த்துக்கொள்வோம்.